மோடம் போகவில்லை, கேபிளைப் பாருங்கள்: பிபிசி மைக்ரோவில் சீரியல் இணைப்பைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பழைய கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு தருமபுரியில் எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறவர்கள், செருப்பைக் கழற்றும்போதே சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "அண்ணா, மோடம் போயிடுச்சு." இதுவரை மோடம், அதாவது கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் பெட்டி, உண்மையிலேயே போயிருந்தது இரண்டே தடவை. இரண்டும் கோடை இடியில் போனவை. மற்றதெல்லாம் கேபிள், வேகம், அல்லது தலைகீழாகச் செருகிய பிளக்.

தவறு எங்கே என்றால், எல்லோரும் கடைசி முனையிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் டயல் செய்கிறார்கள். போகவில்லை என்றதும் மோடத்தின் அமைப்புகளை மாற்றுகிறார்கள். கேபிளைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். அதற்குள் ஏழெட்டு விஷயம் மாறியிருக்கும், எது முதலில் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. கணினியில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக வெளியே போக வேண்டும். ஒன்று நிரூபணமாகும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது.

இங்கே சொல்வது பிபிசி மைக்ரோ மாடல் பி-க்கு. 1984-இல் தொடங்கிய, பள்ளிகளில் கணினி கற்றுத்தரும் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த அதே கணினி. நம் பக்கம் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். மோடம் 25 முள் சாக்கெட் கொண்ட பழைய வெளி மோடமாகவும் இருக்கலாம், இப்போது கிடைக்கும், தொலைபேசி லைனுக்குப் பதில் வைஃபை வழியே போகும் வைஃபை மோடமாகவும் இருக்கலாம். எட்டாவது படி வரை இரண்டுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். *எஃப்எக்ஸ், ஏடி, பிரின்ட் எல்லாவற்றையும் விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள். நட்சத்திரம், எண், காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் இருக்கிறபடியே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், சால்டரிங் அயன், மெல்லிய வயர் துண்டுகள், 25 முள் ஆண் கனெக்டர், ஒரு நோட்டுப் புத்தகம். கடைசியாகச் சொன்னதை யாரும் எடுத்து வருவதில்லை. எந்த மாற்றம் செய்தாலும் அதில் ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

கஷ்டம் தருவது கணினிப் பக்கத்து பிளக்தான். அது ஐந்து முள் டின் பிளக், ஆனால் ஆடியோ கடையில் கிடைக்கும் வகை அல்ல. கடையில் "ஃபைவ் பின் டின்" என்று மட்டும் கேட்டால் முட்கள் அரைவட்டமாக நிற்கும் 180 டிகிரி பிளக்கைக் கொடுப்பார்கள். அது நுழையவே நுழையாது. அழுத்தினால் சாக்கெட் உடையும். நமக்கு வேண்டியது தாயக்கட்டையில் ஐந்து புள்ளி போல, நாலு மூலையில் நாலும் நடுவில் ஒன்றுமாக இருப்பது. "டொமினோ" அல்லது "360 டிகிரி" என்று சொல்லிக் கேளுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. ரோடு போய்வர ஒரு நாள் ஆகும். போகிறபோது இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று சால்டர் வைக்கும்போது உருகும்.

2. கரன்ட் போடும் முன்

பல வருடம் பரணில் கிடந்த கணினி என்றால் பவர் சப்ளையைப் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். மெயின்ஸ் பக்கத்தில் மஞ்சளாக, உள்ளே தெரிகிற மாதிரி உறை போட்ட வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். உறையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். விரிசல் வழியே ஈரம் போயிருக்கும். கரன்ட் வந்து சில நிமிடத்தில் வீடு முழுக்கப் புகை. இந்தப் பெட்டியைத் திறந்து பழக்கமில்லை என்றால், டிவி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு மைனஸ் 5 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். கணினி ஓடுவதற்கு ப்ளஸ் 5 போதும், அதனால் திரை வரும், எல்லாம் சரி போலத் தோன்றும். ஆனால் சீரியல் போர்ட்டின் (மோடம் கேபிள் செருகும் சாக்கெட்டின்) வெளியீட்டுச் சிப்புக்கு மைனஸ் 5 வேண்டும். அது இல்லாமல் கேபிளோடு எவ்வளவு போராடினாலும் பயன் இல்லை.

கணினி, மோடம் அடாப்டர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், எர்த் உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். பழைய வீடுகளில் ஒரு அறைக்கு எர்த் இருக்கும், அடுத்த அறைக்கு இருக்காது. கனெக்டரைத் தொட்டால் சுரீர் என்றால் காரணம் அதுதான். தொலைபேசி வயரை இப்போது செருக வேண்டாம்.

3. கணினியை மட்டும் சோதித்தல்

மோடம் மேசையிலேயே இருக்கக்கூடாது என்பேன். இருந்தால் கை அங்கே போகும்.

டின் பிளக்கில் இரண்டே இரண்டு இணைப்பு கொடுங்கள்: வெளியே போகும் தரவு முள்ளையும் உள்ளே வரும் தரவு முள்ளையும் சேர்த்து ஒன்று, ஆர்டிஎஸ் முள்ளையும் (மறுமுனையிடம் "அனுப்பு", "நிறுத்து" என்று கணினி சொல்வது) சிடிஎஸ் முள்ளையும் (மறுமுனை அதையே கணினியிடம் சொல்வது) சேர்த்து ஒன்று. கணினி பேசுவது அதன் காதுக்கே திரும்பி வரும். எந்த முள் எது என்று கணினியின் கையேட்டுப் படத்தைப் பாருங்கள். படம் சாக்கெட்டை வெளியிலிருந்து பார்ப்பது. பிளக்கின் சால்டர் வைக்கும் பின்பக்கமும் அதே வரிசையில்தான் தெரியும். முன்பக்கம் பார்த்து சால்டர் வைத்தால் இடவலம் மாறிவிடும்.

இந்த பிளக்கிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தலைகீழாகவும் நுழையும். நடு முள் தரை என்பதால் அது மாறாது. மற்ற நான்கும் எதிர்மூலைக்குப் போய்விடும். நான் பிளக்கின் மேல்பக்கம் நெயில் பாலிஷ் சொட்டு ஒன்று வைத்துவிடுவேன். இந்தச் சொட்டு காப்பாற்றிய மாலை நேரங்கள் பல.

இப்போது வரிசையாக அடியுங்கள்:

*எஃப்எக்ஸ்2,2
*எஃப்எக்ஸ்21,1
*எஃப்எக்ஸ்3,1
பிரின்ட் "சோதனை" (மேற்கோளுக்குள் ஏதாவது ஆங்கில எழுத்துகள்)
*எஃப்எக்ஸ்3,0
பிரின்ட் அட்வால்(-2)

முதலாவது சீரியல் உள்வரவைத் திறக்கிறது, ஆனால் விசைப்பலகையை நம் கையிலேயே விடுகிறது. இரண்டாவது பழைய எச்சங்களைத் துடைக்கிறது. மூன்றாவது, திரைக்குப் போவதெல்லாம் சீரியலுக்கும் போகட்டும் என்கிறது. கடைசி வரி, உள்வரவு பஃபரில் (வந்த எழுத்துகள் காத்திருக்கும் நினைவிடத்தில்) எத்தனை எழுத்து காத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். பூஜ்யம் தவிர எந்த எண் வந்தாலும் போர்ட் நன்றாக இருக்கிறது. நீங்கள் அடித்த கட்டளை எழுத்துகளும் சேர்ந்து போயிருக்கும், ஆகவே எண் பெரிதாக இருந்தால் பதறாதீர்கள்.

பூஜ்யம் வந்தால் பிளக்கைக் கழற்றி மறுபடி செருகி ஒருமுறை பாருங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் சிடிஎஸ் இணைப்பைப் பாருங்கள். சிடிஎஸ் கிடைக்காதவரை இந்தக் கணினி ஒரு எழுத்தையும் வெளியே விடாது. கொஞ்ச நேரத்தில் 192 எழுத்து பிடிக்கும் வெளியீட்டு பஃபர் நிறைந்து, கணினியே உறைந்த மாதிரி நிற்கும். "ஹேங் ஆகுது, ரோம் கெட்டுப்போச்சு" என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இதுதான்.

இன்னொன்று: கேசட்டும் சீரியலும் உள்ளே ஒரே 6850 சிப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. கேசட்டிலிருந்து எதையாவது ஏற்றிக்கொண்டே சீரியலைச் சோதிக்க முடியாது.

4. கேபிள்

நேரான கேபிள்தான், குறுக்குக் கேபிள் அல்ல. கணினியின் வெளியே போகும் தரவு மோடத்தின் 25 முள் கனெக்டரில் 2-க்கு. உள்ளே வரும் தரவு 3-லிருந்து. ஆர்டிஎஸ் 4-க்கு, சிடிஎஸ் 5-லிருந்து, தரை 7-க்கு. பிபிசி மைக்ரோவில் "கணினி தயார்" என்று மோடத்திடம் சொல்லும் டிடிஆர் என்ற கம்பியே கிடையாது, ஆனால் பல மோடங்கள் அது இல்லாமல் டயல் செய்ய மறுக்கும். அதனால் மோடம் பக்கத்து மூடிக்குள்ளேயே 6-ஐயும் 20-ஐயும் சேர்த்துவிடுங்கள். மோடம் தன் கையையே பிடித்துக்கொண்டு சமாதானமாகிவிடும்.

வைஃபை மோடத்தில் 9 முள் இருந்தால் எண்கள் மாறும்: அங்கே 3 மோடத்துக்குப் போகும் தரவு, 2 மோடத்திலிருந்து வருவது, 5 தரை, 7 ஆர்டிஎஸ், 8 சிடிஎஸ். பழைய 25 முள் கணக்கை நினைவில் வைத்து 9 முள்ளில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றி வைப்பது எல்லோரும் ஒருமுறை செய்வது. நானும் செய்திருக்கிறேன். மூன்று கம்பி மட்டுமே உள்ள வைஃபை மோடம் என்றால், கணினிப் பக்கத்து பிளக்கிலேயே ஆர்டிஎஸ்-ஐயும் சிடிஎஸ்-ஐயும் சேர்த்துவிடுங்கள்.

சால்டர் வைத்து முடிந்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு கம்பியையும் பாருங்கள். பீப் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அடிக்கக்கூடாத இடத்தில் அடிக்கிறதா என்பது மீதி. பிறகு மூன்றாம் படியின் சோதனையைக் கேபிளின் மறுமுனையில் 2-3, 4-5 சேர்த்து இன்னொருமுறை செய்யுங்கள்.

பர்கூரிலிருந்து வந்த கணினி ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தும் பீப் விட்டுவிட்டு வந்தது. கிரானைட் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்து வீடாம். சாக்கெட்டுக்குள் மாவு போல வெள்ளைத் தூசி. பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் போதுமாக இருந்தது.

5. யார் பேசுகிறார், யார் கேட்கிறார்

இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள், அப்புறம் இரண்டு நாள் அலைகிறார்கள். முன்னே செய்த வளையச் சோதனை ஒரு தவறைக் காட்டவே காட்டாது: 2-ம் 3-ம் மாறியிருப்பதை. இரண்டையும் நாமே சேர்த்துவிட்டோமே, மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

வோல்ட் அளந்து கண்டுபிடிக்கலாம். கேபிளை மோடத்தில் செருகாமல், கணினியில் *எஃப்எக்ஸ்2,2 கொடுத்துவிட்டு, கறுப்பு முனையை 7-இல் வைத்து 2-ஐயும் 3-ஐயும் அளங்கள். சும்மா இருக்கும்போது பேசும் கம்பி மைனஸில் நிற்கும். கணினிப் பக்கத்தில் மைனஸ் 4, 5 வோல்ட் அளவில் வரும். கேட்கும் கம்பி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அடுத்து மோடத்துக்கு மட்டும் கரன்ட் கொடுத்து அதன் சாக்கெட்டிலும் இதையே அளங்கள். அங்கே மைனஸ் இன்னும் அதிகமாக இருக்கலாம், 10-ஐத் தாண்டினாலும் சரி.

கேபிளில் 2-ம் மோடத்தில் 3-ம் மைனஸாக இருந்தால் சரி. இரண்டிலும் ஒரே எண்ணில் மைனஸ் என்றால் இருவரும் ஒரே கம்பியில் பேசுகிறார்கள், இன்னொரு கம்பியில் இருவரும் காது வைத்திருக்கிறார்கள். மைனஸே இல்லாமல் 3.3 வோல்ட் போல ப்ளஸ்ஸில் நின்றால், உங்கள் வைஃபை பலகையில் வோல்ட் லெவலை மாற்றும் சிப் இல்லை. மேக்ஸ்3232 போன்ற ஒன்று நடுவில் இல்லாமல் அதைக் கணினியில் செருகாதீர்கள், பலகை போய்விடும்.

6. வேகம்

வரவு வேகம் *எஃப்எக்ஸ்7, செலவு வேகம் *எஃப்எக்ஸ்8. இரண்டும் தனித்தனி, ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது வழக்கம். காற்புள்ளிக்குப் பின் 3 என்றால் 300, 4 என்றால் 1200, 5 என்றால் 2400, 7 என்றால் 9600, 8 என்றால் 19200.

1200-இல் தொடங்குங்கள். 9600-இல் வரும் எழுத்துகளைத் திரையில் உருட்டுவதற்குள் 256 எழுத்து பிடிக்கும் உள்வரவு பஃபர் நிறையப் பார்க்கும். கணினி ஆர்டிஎஸ்-ஐ இறக்கி "நிறுத்து" என்று சொல்லும். மோடம் அதைக் கவனிக்காத அமைப்பில் இருந்தால் நடுவில் எழுத்துகள் விழுங்கப்படும். அந்தக் குழப்பம் இப்போது வேண்டாம்.

பழைய மோடம், எல்லா மோடம் கட்டளைக்கும் முன்னால் நீங்கள் அடிக்கும் ஏடி என்ற இரண்டு எழுத்திலிருந்தே வேகத்தைப் புரிந்துகொள்ளும். வைஃபை மோடங்களில் பல அப்படி இல்லை. ஒரே வேகத்தில் நிற்கும். 115200-இல் வைத்து விற்பதும் உண்டு. பிபிசி மைக்ரோவால் 19200-க்கு மேல் போக முடியாது, ஆகவே முதலில் லேப்டாப்பில் செருகி அதன் வேகத்தை இறக்கி, சேமித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

பிரேக் விசையைத் தட்டினால் இந்தக் கட்டளைகளை எல்லாம் மறுபடி கொடுங்கள். ஃபங்ஷன் விசை ஒன்றில் வைத்துக்கொண்டால் கை வலிக்காது.

7. ஏடி, ஓகே

டெர்மினல் ரோம் (அடிப்பதை மோடத்துக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் நிரல் உள்ள சிப்) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கணினியின் பேசிக் மொழியில் சிறிய வளையம் எழுதலாம்: அட்வால்(-2) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் *எஃப்எக்ஸ்2,1, ஒரு எழுத்து கெட், *எஃப்எக்ஸ்2,2, அதைத் திரையில் காட்டு. விசை அழுத்தியிருந்தால் *எஃப்எக்ஸ்3,3, அந்த எழுத்தை அனுப்பு, *எஃப்எக்ஸ்3,0. ஒவ்வொரு நட்சத்திரக் கட்டளையும் தனி வரியில் இருக்க வேண்டும். அதே வரியில் பின்னால் எதை எழுதினாலும் அது கட்டளையின் பகுதியாகிவிடும்.

ஏடி அடித்து ரிடர்ன் தட்டுங்கள். இரண்டும் பெரிய எழுத்து, அல்லது இரண்டும் சிறிய எழுத்து. கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு ஷிஃப்டோடு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக அடித்தால் மோடம் கண்டுகொள்ளாது.

ஓகே வரவில்லையா? திரையைப் பார்க்காதீர்கள், மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் எஸ்டி விளக்கு மினுக்கினால் நம் எழுத்து மோடம் வரை போகிறது. மினுக்கவில்லை என்றால் நாலாம் படிக்குத் திரும்புங்கள். எஸ்டி மினுக்கி, மோடம் பதில் அனுப்புவதைக் காட்டும் ஆர்டி விளக்கு மினுக்கவில்லை என்றால் வேகம் ஒத்துவரவில்லை, அல்லது யாரோ முன்பு மோடத்தின் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்: ஏடிக்யூ0 என்று அடியுங்கள். இரண்டும் மினுக்கித் திரை வெறுமையாக இருந்தால் கோளாறு வரவுப் பக்கத்தில். முதலில் *எஃப்எக்ஸ்7-ஐப் பாருங்கள்.

ஓகே-க்குப் பதில் வெறும் 0 வந்தால் மோடம் எண்ணால் பதில் சொல்கிறது, ஏடிவி1 சரிசெய்யும். அடிப்பதெல்லாம் இரட்டையாக வந்தால் மோடமும் டெர்மினலும் இரண்டுமே எதிரொலிக்கின்றன, ஒன்றை நிறுத்துங்கள். எதுவும் புரியவில்லை என்றால் ஏடி&எஃப் கொடுத்துத் தொழிற்சாலை அமைப்புக்குப் போய், பிறகு ஏடி&டி0. டிடிஆரைப் பொருட்படுத்தாதே என்று அர்த்தம்.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பையன் ஒருவன் டெர்மினல் எதுவும் இல்லாமல், *எஃப்எக்ஸ்2,1-ம் *எஃப்எக்ஸ்3,1-ம் சேர்த்துக் கொடுத்துவிட்டான். திரை முழுக்க "மிஸ்டேக்", "மிஸ்டேக்", "மிஸ்டேக்". விளக்குகள் இரண்டும் தீபாவளி சரம் மாதிரி. "வைரஸ்ணா!" என்றான். நடந்தது இவ்வளவுதான்: பேசிக் அனுப்பிய எழுத்தை மோடம் எதிரொலித்தது. விசைப்பலகைக்குப் பதில் சீரியலைக் கேட்டுக்கொண்டிருந்த பேசிக் அதைக் கட்டளை என்று எண்ணி, புரியாமல் "மிஸ்டேக்" என்றது. அதுவும் மோடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. பிரேக் தட்டியதும் நின்றது. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: போக்கும் வரவும் இரண்டுமே வேலை செய்கின்றன.

8. குப்பை எழுத்துகள்

எல்லா எழுத்தும் குப்பை என்றால் வேகம். சில சரியாகவும் சில குப்பையாகவும் வந்தால் பாரிட்டி, அதாவது பிழை கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் ஒரு பிட். இரட்டைப் பாரிட்டி என்றால் ஒன்றுகளின் மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி அதை வைப்பது. மறுமுனை 7 பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் அனுப்ப, நீங்கள் 8 பிட்டாக வாங்கினால், ஓகே என்ற சொல்லில் "ஓ" எழுத்து கெடும், "கே" பிழைக்கும். "ஓ"-வின் 7 பிட்டில் ஐந்து ஒன்றுகள், அதனால் மேல் பிட் ஏறிவிடுகிறது. "கே"-யில் நான்கு, ஏறுவதில்லை.

இந்தச் சோதனையை மோட் 7 திரையில் செய்யாதீர்கள். அங்கே மேல் பிட் ஏறிய எழுத்தும் சாதாரண எழுத்தாகவே தெரியும், தவறு மறைந்துவிடும். ஆனால் ரிடர்னுக்கான 13 என்ற குறியீடு 141 ஆகும். மோட் 7-இல் 141 என்றால் இரட்டை உயரம். எழுத்துகள் திடீரென நீண்டு, வரிகள் படிக்கட்டாக இறங்கினால் காரணம் இதுதான். மோட் 3-க்குப் போய்ப் பாருங்கள்.

*எஃப்எக்ஸ்156,20,227 கொடுத்தால் 8 பிட், பாரிட்டி இல்லை. *எஃப்எக்ஸ்156,8,227 கொடுத்தால் 7 பிட், இரட்டைப் பாரிட்டி. மறுமுனை எதைக் கேட்கிறதோ அது.

9. இப்போதுதான் வெளியே

பழைய மோடம் என்றால் முதலில் அதே லைனில் சாதாரண போனை வைத்துக் காதில் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் மோடத்தைக் குறை சொல்ல வேண்டாம். டயல் டோன் காதுக்குக் கேட்டும் மோடம் "டயல் டோன் இல்லை" என்றால் ஏடிஎக்ஸ்3 கொடுங்கள். டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு என்றால் 04343-ஐ முன்னால் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டில் வேறு அறையில் இணைப் போன் இருந்தால் கழற்றிவிடுங்கள். யாராவது எடுத்தால் இணைப்பு போச்சு.

ஃபைபரில் வரும் தொலைபேசி என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓசை பொட்டலங்களாகத் துண்டாகிப் போகிறது. ஒன்றிரண்டு தாமதமானால் மனிதக் காது பொறுக்கும், மோடம் பொறுக்காது. 300, 1200-இல் சில சமயம் பிடிக்கும். இரண்டு மோடம் இருந்தால் லைனே வேண்டாம்: இரண்டையும் ஒரு தொலைபேசி வயரால் நேராக இணைத்து, ஒன்றில் ஏடிஎக்ஸ்3டி, மற்றதில் ஏடிஏ. பல மோடங்கள் இப்படியே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

வைஃபை மோடத்தில் இரண்டு தடைதான் அடிக்கடி வரும். இந்த மோடங்களுக்குள் இருக்கும் இஎஸ்பி8266 பலகை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். ரூட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் தெரியவே தெரியாது. இரண்டாவது, வைஃபையில் சேரும் நொடியில் பலகை கரன்டை அதிகம் இழுக்கும். கிடைத்த பழைய சார்ஜரில் போட்டால் அந்த நொடியிலேயே ரீசெட் ஆகி, திரையில் சில குப்பை எழுத்துகளைத் துப்பும். நல்ல அடாப்டரை மாற்றிப் பார்த்த பிறகுதான் ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட வேண்டும்.

இணைப்பிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப, ஒரு நொடி சும்மா இருந்து, மூன்று கூட்டல் குறி அடித்து, இன்னொரு நொடி சும்மா இருங்கள். ரிடர்ன் தட்டக்கூடாது. ஓகே வந்தபின் ஏடிஎச்.

10. வேலை செய்ததும்

உடனே ஏடி&டபிள்யூ அடித்துச் சேமியுங்கள். நம் ஊரில் மாலையில் ஒரு தடவையாவது கரன்ட் போகும், போனால் மோடத்தில் செய்ததெல்லாம் போகும். வேகம், பாரிட்டி, கேபிளின் முள் எண்கள் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கணினியின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வானம் கறுத்தால் தொலைபேசி வயரைக் கையால் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, இடி அந்த வயர் வழியாகத்தான் வருகிறது.